டீக்கடை வாசலில் நின்றவர்

கண் டாக்டரம்மா சோதனைக் கண்ணாடியை எஸ்தரின் மூக்கில் மாட்டிவிட்டு அவள் அம்மாவிடம் திரும்பினார். "லேசான சிலிண்டர் பவர்தான், தூரத்துல இருக்கறது கொஞ்சம் மங்கலாத் தெரியும். இப்பவே கண்ணாடி போட்டாலும் சரி, ஆறு மாசம் கழிச்சுப் பாத்தாலும் சரி. நீங்கதான் முடிவு பண்ணணும்."

பள்ளியில் கண்ணைக் காட்டச் சொன்னார்கள் என்றுதான் ஜெசிந்தா மகளைக் கூட்டி வந்திருந்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால், புருஷன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, மகளோடும் ஒரு பையோடும் இந்த ஊருக்கு ஓடி வந்தவள் அவள். இங்கே வந்த பிறகு பயப்படத் தேவையில்லாத செய்தி ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை. ஆறு மாதம் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"ஜன்னல் வழியா தூரத்துல பாரு பாப்பா. வித்தியாசம் தெரியுதா?" என்றார் டாக்டர்.

எஸ்தர் எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வயது அவளுக்கு. "பஸ் போர்டெல்லாம் பளிச்சுன்னு இருக்கு" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: "எதிர்ல டீக்கடையில தொப்பி போட்ட மாமா நிக்கிறாரும்மா. தினமும் எங்க ஸ்கூல் கேட்டுக்கு எதிர்ல நிப்பாரு."

ஜெசிந்தா எழுந்தாள்.

"அம்மா, மாமா இல்லம்மா அது. அப்பா!"

ஜெசிந்தா ஜன்னலில் தெரியாதபடி சுவரோரம் ஒதுங்கினாள். டாக்டர் பேனாவைத் திறந்தார். "என்னம்மா, கண்ணாடிக்கு எழுதிடலாமா?"

"எழுதுங்க. இன்னிக்கே வேணும்" என்றாள் ஜெசிந்தா. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டாக்டர், இங்கருந்து பின்பக்கமா வெளிய போக வழி இருக்கா?" என்று கேட்டாள்.

அதற்குள் எஸ்தர் கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டத் தொடங்கியிருந்தாள்.