கொப்பி எடுக்காமல் தொடமாட்டாள்

பக்கத்து வளவில் கல்யாணச் சாப்பாடு பரிமாறுகிறார்கள். பஸ்மினாவோ மடிக்கணினியோடு மல்லுக்கு நிற்கிறாள். வெளிநாட்டு வங்கியொன்றின் பெருங்கணினியில் பணம் அனுப்பும் செய்திகள் வரிசையில் சிக்கி நகராமல் கிடக்கின்றன. பழி முழுக்க அவள் எழுதிய புரோகிராமின் மேல். கொழும்பு மேலாளரின் குரல் போனுக்குள் கொதிக்கிறது. "நிப்பாட்டித் திரும்பத் தொடங்குங்க. சரியாகிடும்." "சரியாகும் சேர். பிழை எங்கயெண்ட தடயமும் அழிஞ்சிரும். பிறகு நான்தான் கள்ளி. மெமரிய முழுசா கொப்பி எடுக்காம தொடமாட்டன்." திரையில் கொப்பி எவ்வளவு முடிந்ததென்று காட்டும் பச்சைக் கோடு ஊர்கையில் மதிலுக்கு மேலால் நபீஸா மாமியின் தலை முளைக்கிறது, எந்த வீட்டுக் கறியில் உப்புக் குறைந்தாலும் அந்தத் தலைக்குத் தெரியும். "என்னகா, ஆரோட வாயாடுறாய்? சோத்துச் சஹன் வெச்சாச்சி, ஒரே தட்டச் சுத்திக் குந்த ஒராள் குறையுது. நீ வராம ஒருத்தரும் சோத்துல கை வைக்கேலாது." மேலாளரும் விடவில்லை. "உடன நிப்பாட்டுங்க. இது என்ட ஓடர்." "கேட்டிச்சா சேர்? இஞ்சயும் எனக்காகத்தான் காத்திருக்காங்க," என்கிறாள் பஸ்மினா. "நீங்களும் கொஞ்சம் குந்துங்க." பச்சைக் கோடு அவசரமேயில்லாமல் ஊர்கிறது.