பேரைக் காணோம்

"டிசைன்ல என் பேரை எடுத்தது யாரு சார்?"

"நான்தான்." உம்மணாமூஞ்சி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய டீம் லீடருக்கு ஆபீஸே வைத்த பட்டப்பெயர் அது.

"மொபைல் டவர் ஆன்டெனா சார். அலை எந்தப் பக்கம் போகணும், எவ்வளவு தாழணும்னு ஒவ்வொரு கோணமும் நான் போட்டது. அதுல உங்க பேரு மட்டும் எப்படி?"

"போய் வேலையைப் பாரும்மா."

அவளுக்கு ரத்தம் கொதித்தது. அலை எதிரொலிக்காதபடி சுவரெல்லாம் பஞ்சுக் கூம்பு பதித்த சோதனை அறையில், பிரசவ லீவுக்கு முன் நிறைமாத வயிற்றோடு நின்று அளந்தவள் அவள்.

"அடுத்தவ உழைப்புல குளிர்காயிறதுக்கும் ஒரு அளவு இல்லையா?" வீட்டில் பொருமித் தீர்த்தாள்.

"பேசாம மேலிடத்துல போட்டு உடைச்சிடு," என்றான் கணவன்.

அதற்குச் சந்தர்ப்பம் தானாகவே வந்தது. மழை பிடித்துக்கொண்ட வாரம், எம்.டி. இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"புது ஆன்டெனா யாரோட டிசைன்?"

"என்னோடது சார்." உம்மணாமூஞ்சி முந்திக்கொண்டார்.

"பொய்!" அவள் வெடித்தாள். "முழுக்க முழுக்க நான் பண்ணினது சார். இவர் கொஞ்சம்கூட வெக்கமில்லாம சொந்தம் கொண்டாடுறார்!"

"நீ சும்மா இரும்மா." உம்மணாமூஞ்சி அதட்டினார்.

"நான் ஏன் சும்மா இருக்கணும்?"

எம்.டி. மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"நல்லதாப் போச்சு. மழைத்தண்ணி உள்ளே இறங்கி, மாட்டின ஆன்டெனாவுல பாதி செத்துக் கிடக்கு. ஆம்புலன்ஸ் கூப்பிட லைன் கிடைக்காம ஜனங்க அல்லாடியிருக்காங்க. யாராவது ஒருத்தர் தலை உருண்டாகணும். உன் தலைதானா?"

அவள் மேசையருகே ஓரடி முன்னால் வந்தாள்.

"சார்... நான் மழை புகாத கெட்டி உறைதான் போட்டிருந்தேன்..."

"இவ சொல்றதை நம்பாதீங்க சார்," உம்மணாமூஞ்சி குறுக்கே பாய்ந்தார். "பேருக்கு அலையிறா. இந்த டிசைனுக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்ல. நீ முதல்ல வெளியே போம்மா!"

அவமானத்தில் கண் கலங்க, அவள் கதவைத் திறந்தாள். முதுகுக்குப் பின்னால் உம்மணாமூஞ்சியின் குரல் தாழ்ந்து கேட்டது.

"செலவு மிச்சம்னு உறையை மெலிசாக்கச் சொன்னீங்க. வேண்டாம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், நீங்க கேக்கல. அன்னைக்கே அவ பேரை எடுத்துட்டேன் சார். பழி போட உங்களுக்கு ஒரு பேரு வேணும்ல? என் பேரையே போட்டுக்குங்க."