டொக்குவுக்கு ஒரு பிடி சோறு

நெருப்பு வைத்த செங்கல் சூளைக்குச் சாவுத் தீட்டு ஆகாது என்று சொல்லி, மாமனார் செத்த அன்றைக்குப் பெண்டாட்டியைப் போகவிடாமல் நிறுத்திவிட்டான் சடையன். கல் நல்ல சிவப்பாய்த்தான் வெந்தது. ஆனால் அன்றிலிருந்து வேம்பு அவனோடு பேசுவதில்லை. மகள் பவளத்தோடு பேசுவாள். பவளத்தின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற டொக்கு என்கிற சிநேகிதனோடுகூடப் பேசுவாள். அவனுக்கென்று தனித் தட்டு, ஒரு பிடி சோறு. அதையும் பவளம்தான் தின்பாள்.

"இல்லாத பயலுக்கு வாய் ஓயாத பேச்சு, இருக்கிறவனுக்கு ஒண்ணுமில்ல" என்று இத்தனை நாளும் முனகிக்கொண்டிருந்த சடையன், இன்று வெட்கத்தை விட்டு அந்தத் தட்டுப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"டேய் டொக்கு, மாமா செஞ்சது தப்புதான்னு உங்க அத்தைகிட்ட சொல்லுடா."

வேம்பு தலையைத் தூக்கவில்லை. "டொக்கு, உங்க மாமன் வாயில என்ன, சூளை மண்ணான்னு கேளு. நேரா சொல்ல மாட்டாராமா?"

"அத்தை கரண்டியால போட்டுருவான்னு பயமா இருக்குன்னு சொல்லுடா."

"போட்டாலும் ஒறைக்கிற தோலான்னு கேளுடா."

பவளம் உதட்டில் விரலை வைத்தாள். "ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க. டொக்கு தூங்கிட்டான்."

சடையன் பிசைந்த சோற்றோடு அப்படியே இருந்தான். நடுவில் இப்போது யாருமில்லை. வேம்பு குழம்புச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"கடைசில எங்கப்பன் உன்னத்தான்யா கேட்டுச்சாம்" என்றாள்.