நாலு மணிக் கேள்வி

ஒரே ஒரு வாடிக்கையாளர் கம்பெனியில் மட்டும் எங்கள் டேட்டாபேஸ் சர்வர் தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் படுத்துவிடும். எங்களுக்கு அவர்கள் வெறும் ஒரு எண், பெயர்கூடத் தெரியாது.

"அங்க எல்லாரும் நாலு மணிக்கே பையைத் தூக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிடறாங்களாம்" என்று மேனேஜர் கத்தினார்.

"யாரோ அடைப்புக்குறிக்குள்ள அடைப்புக்குறியா ஆயிரக்கணக்குல போட்டு ஒரு கேள்வி அனுப்பறாங்க சார். சர்வர் ஒவ்வொண்ணுக்குள்ளயும் நுழைஞ்சு நுழைஞ்சு, ஸ்டாக்குங்கற அதோட தற்காலிக நினைவகம் நிரம்பி விழுந்துடுது."

"யாருய்யா அந்தப் புண்ணியவான்?"

"தெரியல. ஆனா இனிமே உள்ள நுழையறதுக்கு முன்னாடியே ஸ்டாக்ல இடம் இருக்கான்னு சர்வர் பாத்துக்கும். இல்லேன்னா அந்தக் கேள்விக்கு மட்டும் முடியாதுன்னு சொல்லிடும்."

மறுநாள் நாலு மணிக்குச் சர்வர் விழவில்லை. மேனேஜர் என் கையைக் குலுக்கிக்கொண்டிருக்கும்போதே மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது.

"பாப்பா தனியா நிக்கிறா சார். தினமும் வர்ற அம்மா இன்னிக்கு வரலையே?"

மனைவியை அழைத்தேன்.

"எப்படிங்க வர்றது? எங்க ஆபீஸ்ல இன்னிக்கு சர்வர் விழல. நான் மெனக்கெட்டு எழுதின கேள்விக்கு முடியாதுன்னு ஒரே வரியில பதில் வருது. எந்தப் புண்ணியவான் பாத்த வேலையோ!"

"தெரியல" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன்.