மாத்திரை நாட்களில் சொன்ன பதில்

“மார்ச் 4. ஒரு பிழை. என்னைக் கல்யாணத்துக்குக் கேட்ட புகழேந்தியை மறுத்தபோது மாத்திரைகள் முடிந்திருந்தன என்று எழுதியிருந்தேன். இல்லை, அன்றும் விழுங்கியிருக்கிறேன்.”

நிறைமதி நாட்குறிப்பு எழுதுவதை நிறுத்தினாள். தொண்டைப்புண்ணுக்கு அவளுக்குத் தந்த மாத்திரை ஓர் ஆன்டிபயாட்டிக். அந்த வகை மருந்து குடலின் நுண்ணுயிர்களையும் அழிக்கும், மனநிலையில் அவற்றுக்கும் பங்கிருக்கலாம் என்று அன்று மாலை உயிரியல் வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

இதைச் சொன்னதும் அக்கா சிரித்தாள். “அப்போ அவரை வேணாம்னு சொன்னது நீயா, உன் வயிறாடி? நல்லவேளை, மனுஷன் இன்னும் காத்துக்கிட்டுதான் இருக்கார். சரின்னு சொல்லிடு.”

நிறைமதிக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டியே வளர்ந்தவள் வாய்விட்டுச் சொன்ன ஒரே “முடியாது” அதுதான். அதையும் வயிற்றுக்குக் கொடுத்துவிட மனம் வரவில்லை.

கீழே இன்னொரு வரி எழுதினாள். “நாளைக்கு: அவரை நேரில் பார்த்து, மாத்திரை இல்லாமல் மறுபடியும் சொல்லிப் பார்க்க வேண்டும்.”