வெள்ளித்தாளின் நல்ல மனசு

ஏரியில் ஓடும் சுற்றுலாப் படகு ஒன்றில், பாடுவதைத் தவிர வேறெதுவும் அறியாத ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அன்று காலையில் அதற்குச் சோதனைக்காலம். பாட்டு பல்லவியைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை ஃபியூஸ் போய்விட்டது. படகோட்டி சூசை மூன்றாவது ஃபியூஸை மாட்டினார்.

“நீயாவது என்னைப் பாட விடுவியா?” என்று புது ஃபியூஸிடம் கேட்டது ஸ்பீக்கர்.

“என்கிட்டேயிருந்து உனக்குக் கரண்ட் கொண்டு வர்ற வயர், எஞ்சினுக்குப் பின்னால தோலுரிஞ்சு இரும்பில உரசுது. முதல்ல அதைப் பார்க்கச் சொல்லு. எங்க அண்ணனுங்க ரெண்டு பேரும் அதுக்குத்தான் உயிரை விட்டாங்க.”

“ஆரம்பிச்சிட்டான்யா! அடுத்தவன் பாடினா உங்க குடும்பத்துக்கே பொறுக்காது.”

சொல்லி வாய் மூடவில்லை, அந்த ஃபியூஸும் போயிற்று. கரையில் ஒரு கல்யாணக் கூட்டம் படகேறக் காத்திருந்தது. பொறுமையிழந்த சூசை, சாக்லேட் சுற்றியிருந்த வெள்ளித்தாளை எடுத்து, போன ஃபியூஸைத் தலை முதல் கால் வரை சுற்றி மறுபடியும் மாட்டிவிட்டார்.

“நான் யாருக்கும் இல்லைன்னு சொன்னதே கிடையாதுண்ணே. எவ்வளவு கரண்ட் வேணும், சொல்லுங்க” என்றது வெள்ளித்தாள்.

“தம்பின்னா நீதாண்டா தம்பி!”

பல்லவி போயிற்று, சரணம் போயிற்று, அடுத்த பாட்டும் போயிற்று. கல்யாணக் கூட்டம் கைதட்டியது. மூன்றாவது பாட்டில் ஏதோ கருகும் வாடை. ஸ்பீக்கர் எட்டிப் பார்த்தால், வயர் நெடுகப் புகை தன்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

“ஃபியூஸண்ணே! ஃபியூஸண்ணே!”

வெள்ளித்தாளுக்குள்ளிருந்து பதிலே இல்லை. பாட்டு நின்றால் தேவலை என்று ஸ்பீக்கர் வாழ்நாளில் முதன்முறையாக ஏங்கியது.

“இன்னும் கொஞ்சம் தரட்டுமாண்ணே?” என்று அன்பாகக் கேட்டது வெள்ளித்தாள்.