புது போன் வாசித்த பெயர்

"இப்ப எதுக்குக்கா" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் பின் சீட்டில் இருந்தவள் தன் போனில் அவன் நம்பரை அழுத்திவிட்டாள்.

பல்லடம் தாண்டிக் குண்டடம் போகும் சாலையில் அவன் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். தாராபுரத்தில் கல்யாணம். பக்கத்தில் மனைவி சுகந்தி. பின்னால் அவனுடைய அக்கா மரகதம், மடியில் மல்லிகைப் பொட்டலத்தோடு.

"புது போனுங்கறயே, என் நம்பர் அதுல இருக்குதா?" என்றுதான் கேட்டாள்.

பழைய போனில் இருந்ததெல்லாம் ஒன்று விடாமல் வந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னது அவன்தான்.

எத்தனையோ வருடமாக ஆண்ட்ராய்டு போனே வைத்திருந்தவன். இந்த வாரம்தான் ஐபோனுக்கு மாறியிருந்தான். பழையது சட்டைப் பைக்குள் அதிரும். யாரென்று அவன் மட்டும் பார்த்துக்கொள்வான். புதியது காரோடு சேர்ந்துகொண்டு, கூப்பிடுகிறவர் பெயரை வாய்விட்டுச் சொன்னது. நேற்று மேனேஜர் பெயரை அது சொன்னபோது தனியாகச் சிரித்திருந்தான்.

பாட்டு நின்றது.

ஒரு பெண் குரல், இங்கிலீஷ்காரி தமிழ் படிப்பதுபோல, "எடு காதே" என்றது.

திரையிலும் அதே சொல். அவன் ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்தது.

மறுபடியும் மணி அடித்தது.

"எடு காதே."

இரண்டாவது முறை மூன்று பேருக்குமே புரிந்துவிட்டது.

எடுக்காதே.

அத்தான் இறந்த வருடம் வைத்த பெயர். அப்போதெல்லாம் அக்கா எந்நேரமும் கூப்பிடுவாள். தண்ணீர் வரவில்லை என்பாள். மோட்டார் ஏதோ சத்தம் போடுகிறது என்பாள். ஒன்றும் இல்லாவிட்டால், என்ன சாப்பிட்டாய் என்பாள். ஆபீஸில் ஆடிட் நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், எரிச்சலில், அக்கா என்று இருந்ததை அழித்துவிட்டு இதை அடித்தான்.

பிறகு மாற்ற மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. அவள் கூப்பிடும்போதெல்லாம் அந்தச் சொல்லைப் பார்த்தான். பாதி நாள் அதன்படியே நடந்தான்.

சுகந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் கண்ணாடியில் பார்த்தான். அக்கா போனை நிறுத்திக் கைப்பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கியது. மெதுவாக எடுத்துவிட்டு மறுபடி இழுத்தாள்.

"நல்ல போனா இருக்குது கண்ணு," என்றாள். "வண்டி ஓட்டறப்ப எடுக்காதேன்னு அதே சொல்லுது பாரு."

"ஆமாக்கா," என்றான்.

காதுமடல் சுட்டது. மறுபடி தொடங்கிய பாட்டை நிறுத்திவிட்டு ஏசியைக் கூட்டி வைத்தான். சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. தாராபுரம் வரைக்கும் பாட்டை யாரும் போடச் சொல்லவில்லை.

மண்டபத்தில் அவள் அதை எல்லோரிடமும் சொன்னாள். பெரியம்மா மகளிடம் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களிடம்கூடச் சொன்னாள். "எந்தம்பி போனு அப்படி, வண்டியில ஏறுனா புத்தி சொல்லுது." கேட்டவர்கள் சிரித்தார்கள். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த அவன் இலையைப் பார்த்தே சாப்பிட்டான்.

நம்பிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தான்.

அப்படி நினைத்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வந்ததற்குத்தான் அவனுக்கு இன்னும் கூசியது.

கை கழுவிய இடத்திலேயே, ஈர விரலால், பெயரை மாற்றினான். அக்கா.

திரும்பி வரும்போது அவளைப் பல்லடத்தில் இறக்கிவிட்டார்கள். கார் திரும்பும் வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீடு வந்து சேரும்வரை சுகந்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து போன் வருவது நின்றுபோயிற்று.

அவன் கூப்பிட்டால் எடுத்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். மோட்டாரெல்லாம் நன்றாக ஓடுகிறது என்றாள். "செரி கண்ணு, உனக்கு வேலை இருக்கும்" என்று அவளே முதலில் வைத்தாள். நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்தான். என்னவென்று சொல்வது?

பிறகு ஒரு நாள், ஆபீஸில் மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போது, அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. அவள் மெசேஜ் அனுப்பி அவன் பார்த்ததே இல்லை.

'தம்ப இப்ப கூபடலமா'

காலும் மேல்விலங்கும் புள்ளியும் விட்டுப்போன எழுத்துகள். கூப்பிடலாமா என்று கேட்கிறாள். பழக்கமில்லை, பாவம் என்று நினைத்தான். முடித்துவிட்டு நாமே பேசலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தான்.

சாப்பாட்டு நேரத்தில்தான் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள். அவளுக்குப் பின்னால் யாரோ டோக்கன் நம்பரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வேலை முடிஞ்சுதா கண்ணு?"

"எங்கக்கா இருக்கற?"

"ஆஸ்பத்திரியில. பயந்துக்காத. பாத்ரூம்ல வழுக்கிட்டேன். வலது கையில எலும்பு விரிசல் விட்டிருக்குதாம். கட்டுப் போட்டாச்சு. பக்கத்து வீட்டுக்காரங்கதான் கொண்டாந்து விட்டாங்க."

அவன் எழுந்துவிட்டான். உடனே கூப்பிட்டிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை.

"அதான், மெசேஜை இடது கையில அடிச்சேன்," என்றாள். "படிக்க முடிஞ்சுதா?"